பிரசவத்துக்குப் பிந்தைய கருத்தடை

பிரசவத்துக்குப் பிந்தைய கருத்தடை என்பது, குழந்தை பெற்ற பெண், அடுத்த கர்ப்பத்தை ஒத்திப்போடவோ அறவே தவிர்க்கவோ கருதி, பிரசவ அறையில் இருக்கும் நேரம் தொடங்கி ஏறக்குறைய ஓராண்டுக் காலத்துக்குள் மேற்கொள்ளும் முறைகள் அனைத்தையும் குறிக்கும். பிரசவத்தில் இழந்த இரத்தத்தையும் இரும்புச் சத்தையும் சரீரம் மீட்டுக்கொள்ளாத நிலையில் மறுபடி கருவுற்றால், தாய்க்குச் சோகையும், சேய்க்குக் குறைமாதப் பிறப்பும் எடைக் குறைவும் நேரும் அபாயம் மிகுதி. அதனையொட்டி, உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டில் கூட்டிய நிபுணர் குழு, ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருவுக்கும் இடையே 24 மாதங்களேனும் இடைவெளி இருத்தல் நலம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் பிரசவங்கள் ஏறக்குறைய அனைத்தும் ஆஸ்பத்திரிகளிலேயே நிகழ்கின்றன. ஆகவே கருத்தடை பற்றிய தீர்மானமும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே செய்யப்படுகிறது. அது எந்த நேரத்தில், யாருடைய சம்மதத்தின்மேல் செய்யப்படுகிறது என்பதே இப்பொருளின் உயிர்நிலையான கேள்வி.

மாதவிலக்கு மீளும் வரையில் கரு தங்காது என்ற நம்பிக்கை இன்றும் பல வீடுகளில் வேரூன்றி நிற்கிறது. ‘புள்ள பெத்து இன்னும் வீட்டுக்குத் தூரமே ஆகல, அதுக்குள்ள எதுக்கு இதெல்லாம்’ என்று மாமியார் சொல்ல, மருமகளும் அதையே நம்பியிருந்துவிடுவதுண்டு. உண்மையில் சினைமுட்டை முந்தி வெளிப்பட்டு, விலக்கு அதற்குப் பின்னரே வருவதால், ஒரு தடவைகூட விலக்காகாமலே அடுத்த கர்ப்பம் உண்டாகிவிடலாம். தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்குப் பிரசவமான நான்கு வாரத்திலேயே முட்டை வெளிப்படக்கூடும். பால் கொடுப்பவளுக்கு அது தள்ளிப்போகிறது என்பது பழைய அனுபவமேயாயினும், எந்த வரம்புக்குள் அதனை நம்பலாம் என்பதை 1988ஆம் ஆண்டில் இத்தாலியிலுள்ள பெல்லாஜியோ நகரில் கூடிய விஞ்ஞானிகளே வரையறுத்தனர்: குழந்தைக்கு ஆறு மாதம் நிறையாதிருக்க வேண்டும், விலக்கு மீளாதிருக்க வேண்டும், இரவிலும் பகலிலும் தாய்ப்பாலன்றி வேறு உணவு புகாதிருக்க வேண்டும். மூன்றும் ஒருங்கே அமைந்தால் நூற்றுக்கு 98 பங்கு பாதுகாப்பு உண்டு. ஒன்று தவறினாலும் அந்த உறுதி இல்லை.

தமிழ்நாட்டில் கர்ப்பத்தடை பற்றிய வாதம் சர்க்கார் திட்டங்களுக்கு மிக முந்தியது. 1930ஆம் ஆண்டில் ‘குடி அரசு’ இதழில் பெரியார் ஈ. வெ. ராமசாமி இதனை ஆதரித்து எழுதியபோது, தேசத்தின் வறுமையையோ தாயின் தேக நலத்தையோ முன்வைத்துப் பேசியவர்களிடமிருந்து தம்மை வேறுபடுத்திக்கொண்டு, பெண்ணின் விடுதலையே இதற்குத் தக்க காரணம் என்று நிலைநாட்டினார். சுதந்திரத்துக்குப் பின் வந்த திட்டங்கள் இந்தக் காரணத்தை விட்டுவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டன. 1952இல் இந்திய சர்க்கார் குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக மேற்கொண்டது. 1951ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்து, பின்னர் சென்னை ராஜ்யத்தின் தலைமைச் செயலாளராக வந்த ஆர். ஏ. கோபாலசுவாமியின் ஊக்கத்தால், இந்த ராஜ்யம் ஆண்களின் அறுவைச் சிகிச்சையைப் பரப்புவதிலும், அதற்குப் பணம் அளிப்பதிலும் முன்னணியில் நின்றது. நெருக்கடி நிலைக் காலத்தின் கட்டாய அறுவைகளுக்குப் பின், நாடெங்கும் அந்தச் சுமை ஆண்களிடமிருந்து பெண்களின்மேல் பெயர்ந்தது. அது திரும்பிப் பெயரவில்லை.

பிரசவத்தையும் கருத்தடையையும் ஒரே இடத்தில் இணைக்கும் அகில இந்திய ஆஸ்பத்திரித் திட்டம் 1969இல் தொடங்கிற்று. பெண்ணுக்கு அலைச்சல் இல்லை, ஆஸ்பத்திரிக்கு இரட்டைச் செலவில்லை என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆயினும், ஊழியருக்கு இத்தனை அறுவை, இத்தனை கருப்பை வளையம் என்று இலக்கு விதிக்கப்பட்டிருந்த காலத்தில், பிரசவக் கட்டிலில் கிடக்கும் பெண்ணே எளிதில் கணக்கில் சேர்க்கத்தக்கவளாக ஆனாள். 1995ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் சிசிலியா வான் ஹோலன், பொது மருத்துவமனைகளின் பிரசவப் பிரிவுகளில் கருப்பை வளையம் வழக்கமான காரியம்போல் பொருத்தப்பட்டதையும், பலர் தெளிந்த சம்மதம் அளிக்காதிருந்ததையும் பதிவு செய்தார். 1996 ஏப்ரலில் மத்திய சர்க்கார் இலக்கு முறையைக் கைவிட்டது. அக்காலத்து நினைவு பெண்களின் பேச்சிலிருந்து அவ்வளவு விரைவில் அகலவில்லை. வளையத்தின்மேல் இன்றுள்ள அச்சத்தில் ஒரு பங்கு அறியாமையால் வந்ததெனினும், மறுபங்கு அனுபவத்தால் வந்தது என்றே கொள்ளவேண்டும்.

இன்றும் முதன்மை வகிப்பது ‘ஆபரேஷன்’ என்று மாத்திரம் சொன்னாலே எவர்க்கும் விளங்குகிற பெண் கருத்தடை அறுவையே. 2019–21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமாகி வாழும் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் இந்த அறுவையைச் செய்துகொண்டவர்கள். பிரசவமான ஏழு நாளைக்குள் இதனைச் செய்வதற்குச் சரீர அமைப்பே வசதி செய்து தருகிறது: அப்போது கருப்பையின் உச்சி தொப்புள் மட்டத்தை ஒட்டி நிற்பதால், தொப்புளுக்குச் சற்றுக் கீழே சிறு கீறலிட்டாலே கருக்குழாய் கைக்கு எட்டிவிடும், அதை ஒரு சுருக்காகத் தூக்கி, கரையக்கூடிய நூலால் கட்டி, கட்டுக்கு மேலுள்ள துண்டை அறுத்தெடுத்துவிட்டு, மறுபுறமும் அவ்வாறே செய்வர். இது நிரந்தரமானது, எனினும் ஆயிரம் பேரில் சிலருக்கு முதலாண்டிலேயே பலிக்காமல் போவதுண்டு. சம்மதப் பத்திரத்தில் அவளுடைய கையொப்பமே போதும், கணவனின் கையொப்பம் தேவையில்லை என்று மத்திய சர்க்காரின் விதி தெளிவாகச் சொல்கிறது. இதை அறியாத பெண்கள் அநேகர்.

காப்பர் டி என்னும் கருப்பை வளையம் இரண்டாவது இடம் பெறத்தக்க முறை. நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிஷத்துக்குள்ளோ, சிசேரியனின்போதோ, 48 மணி நேரத்துக்குள்ளோ இதனைக் கருப்பையின் உச்சியில் நீண்ட இடுக்கியால் வைத்துவிடலாம். தவறினால் ஆறு வாரம் பொறுத்தாக வேண்டும். ஒரு வகை பத்தாண்டும் மற்றொரு வகை ஐந்தாண்டும் பயன் தரும். வேண்டியபோது எடுத்துவிட்டால் கருவுறும் சக்தி உடனே மீளும். பாலை இது பாதிப்பதில்லை. பிரசவத்தை ஒட்டி வைத்ததாயின் தானே வழுவி விழுந்துவிடும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், ஆறாம் வாரத்துப் பரிசோதனை இன்றியமையாதது. இதிலுள்ள நுட்பமான சங்கடம் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். வைத்த புதிதில் அதன் நூல் கருப்பைக்குள்ளேயே தங்கியிருந்து, கருப்பை சுருங்கச் சுருங்க வாரக்கணக்கில்தான் கீழே இறங்குகிறது; ஆகவே, சொல்லாமல் வைக்கப்பட்டவள் அதை அறிந்துகொள்ள அடையாளம் ஏதும் இராது. இடுப்பு வலியும் மிகுந்த உதிரமும் கண்டு வேறொரு ஊர் ஆஸ்பத்திரிக்குச் சென்றபோதே ஒருத்திக்குத் தன் சரீரத்தில் அது இருப்பது தெரியவருமானால், அதைச் சேவை என்று எவ்விதம் சொல்வது? கர்ப்ப காலத்துப் பரிசோதனைகளின்போதே விளக்கிக் கேட்பதும், வலி முற்றிய நேரத்தில் கேளாதிருப்பதும் இதனாலேயே விதியாக்கப்பட்டுள்ளன.

2017 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் ‘அந்தரா’ ஊசியும் ‘சாயா’ மாத்திரையும் பால் கொடுப்போருக்கு ஏற்றவை. ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு தரம். பால் கொடுப்பவர் பிரசவமாகி ஆறு வாரம் கழித்தே போட்டுக்கொள்ளலாம். விலக்கு முறை தவறுவது இதன் இயல்பு. சாயா, லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் கண்டுபிடித்த மருந்து; ஹார்மோன் இல்லாதது; முதல் மூன்று மாதம் வாரம் இரு தரமும் பின் வாரம் ஒரு தரமும் உட்கொள்ள வேண்டும். வழக்கமான கலப்பு மாத்திரைகள் பாலைக் குறைக்கக்கூடுமாதலால் முதல் ஆறு மாதத்துக்கு உகந்தவையல்ல. ஆணுறையும் ஆணின் அறுவையும் எளியவை, ஆபத்தற்றவை. தமிழ்நாட்டில் ஆண் அறுவை பெயரளவுக்கே நிற்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று நீளும் தொழிற்சாலைப் பிரதேசத்தில், வடக்குப்பட்டு போன்ற கிராமங்களைச் சூழ்ந்த வாழ்க்கையில், கருத்தடை பற்றிய கேள்வி வேறொரு வடிவம் கொள்கிறது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு சென்று மாதக்கணக்கில் தங்கும் வழக்கம் தானாகவே ஓர் இடைவெளியை அளித்து வந்தது. வாடகை அறையில் கணவனும் மனைவியும் தனித்து வாழ்ந்து, இருவரும் ஷிப்டு பார்க்கும் குடித்தனத்தில் அந்தத் தங்கல் சுருங்கிவிடுகிறது. கர்ப்பத்தைப் பதிவு செய்த கிராம சுகாதார செவிலியர் ஓர் ஊரிலும், பிரசவமான ஆஸ்பத்திரி தாய்வீட்டை ஒட்டிய மற்றொரு ஊரிலுமாக இருப்பின், ஆறாம் வாரத்தில் அவளைத் தேடி வருபவர் யார் என்பது தெளிவில்லை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவளாயின், பாஷையும் குறுக்கே நிற்கிறது.

2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகப்பேறு விடுப்பு முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம். இதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னர் எடுக்கலாம். அவ்வாறு எடுத்தவள் குழந்தைக்கு நான்கு மாதம் ஆகும்போதே எந்திரத்தின் முன் நிற்க வேண்டியவளாகிறாள். பால் கொடுக்கும் இடைவெளி நீண்டு, புட்டிப்பாலும் புகுந்துவிடுவதால், பெல்லாஜியோவில் வகுத்த ஆறு மாதப் பாதுகாப்பு அவளுக்கு நான்காம் மாதத்தோடு அற்றுப்போகிறது. ஆகவே வேலைக்குத் திரும்பும் நாளுக்கு முன்னரே வேறொரு முறையைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று அவளிடம் யாரேனும் சொல்லியாக வேண்டும். சட்டமோ நிரந்தர முறைக்கே கைகொடுக்கிறது: அறுவை செய்துகொண்ட பெண்ணுக்கு மகப்பேறு நல விதிகளின்கீழ் இரு வாரம் ஊதியத்தோடு கூடிய விடுப்பும், தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ் 14 நாள் முழு ஊதியமும், ஆணுக்கு ஏழு நாளும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் ஊசிக்குச் செல்ல வேண்டியவளுக்கும், வழுவிய காப்பர் டியை மறுபடி வைத்துக்கொள்ள வேண்டியவளுக்கும் இவ்விரண்டிலும் ஒரு நாள்கூட ஒதுக்கப்படவில்லை.