அவிநாசி ரோட்டுல கிடைக்காத டாப் ஸ்பீட்

ராத்திரி நேரம், ஹெல்மெட்ல ஒரு கேமரா, முள்ளு 140, 150னு ஏறுது. கீழே 'நம்ம பூண்டி ரோடு'னு ஒரு வரி. இந்த மாதிரி வீடியோ நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த 150 நிஜமா? சந்தேகம்தான்.

வண்டியில இருக்கிற ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாதுன்னு உலக அளவில விதி இருக்கு. அதனால கம்பெனிக்காரங்க கொஞ்சம் கூட்டியே காட்டுற மாதிரி வைப்பாங்க. பந்தய உலகத்துல அந்த முள்ளை யாரும் நம்புறதில்லை. அளந்து வெச்ச தூரம், அதைக் கடக்க ஆன நேரம், போகும்போது ஒரு தடவை, திரும்பி வரும்போது ஒரு தடவை. ரெண்டுக்கும் சராசரி. காத்து முதுகுல தள்ளியிருந்தா அந்தச் சலுகை இப்படிக் கழிஞ்சு போயிடும்.

காத்துதான் இந்தக் கதையில வில்லனே. வேகம் ரெண்டு மடங்கு ஆகணும்னா, காத்தைக் கிழிக்க எட்டு மடங்கு சக்தி வேணும். 1948 செப்டம்பர்ல அமெரிக்காவோட பான்வில் உப்புத் தரையில ரோலி ஃப்ரீ என்ன செஞ்சார் தெரியுமா? போட்டிருந்த லெதர் உடை கிழிஞ்சிடுச்சு. அதைக் கழட்டிட்டு, நீச்சல் டவுசரோட வின்சென்ட் பைக் மேல குப்புறப் படுத்துக்கிட்டே ஓட்டினார். மணிக்கு 150 மைல், அதாவது கிட்டத்தட்ட 242 கிலோமீட்டர். அந்தப் போட்டோ இன்னிக்கும் சுத்திட்டு இருக்கு. (தயவுசெய்து அதை ட்ரை பண்ணாதீங்க.)

நம்மூர்ல உப்புத் தரை கிடையாது, ஆனா போர் விட்டுட்டுப் போன ரன்வே இருந்துச்சு. சென்னைக்கு வடக்கே சோழவரத்துல, இரண்டாம் உலகப் போர் காலத்து விமானதளத்துலதான் தமிழ்நாட்டுப் பந்தயம் வளர்ந்தது. 1953ல தொடங்கின மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல வருஷம் பந்தயம் நடத்தியது. நேரா நீண்ட தார், குறுக்கே வர ஆள் இல்லை. 1990ல இருங்காட்டுக்கோட்டையில சொந்த டிராக்கே வந்துடுச்சு.

கொங்கு நாட்டுக்கு அது வந்தது 2003ல. கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே. ஃபார்முலா மாருதி காரை வடிவமைச்சு, 1995ல விமான விபத்துல இறந்துபோன கரிவர்தன் பேர்ல இருக்கு. மொத்தச் சுற்றே 2.1 கிலோமீட்டர்தான். பெரிய பைக்கோட உச்ச வேகம் அங்கேயும் முழுசா வெளிவராது, அதுக்குள்ள பிரேக் பிடிச்சாகணும்.

அப்போ பூண்டி ரோடு? 150ல ஒரு நொடிக்கு 40 மீட்டருக்கு மேல கடக்கும். ஷிப்ட் முடிஞ்சு பனியன் கம்பெனி வேன் சந்துல இருந்து மூக்கை நீட்ட அந்த ஒரு நொடி போதும். சேரமான் பெருமாள் குடுத்த பொன்னோட வந்த சுந்தரரை சிவனோட பூதகணங்கள் வேடர் வேஷத்துல வழிமறிச்சதா இதே ஊரைப் பத்தித்தான் சொல்வாங்க. அவருக்குப் பறிபோனதெல்லாம் திரும்பக் கிடைச்சது.

2018ல அதே பான்வில்ல கெய்லா ரிவாஸ்னு 18 வயசுப் பொண்ணு, நிறைய மாத்தியமைச்ச ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜிடி 650ல 150 மைலைத் தாண்டினாங்க. மூலம் நம்ம சென்னை வண்டி. சுத்தி எல்லாம் வெள்ளை உப்பு, எதிர்ல ஒரு ஈ காக்கா இல்லை.