உப்பு வண்டியும் ஐப்பசி மழையும்

அமெரிக்காவில் இருக்கும் என் வகுப்புத் தோழர் ஒருவர் சென்ற ஆண்டு சில போட்டோக்கள் அனுப்பியிருந்தார். அரிசோனா பாலைவனம். பத்துக் குடும்பங்கள், பத்து வீட்டு வண்டிகள். படுக்கை, அடுப்பு, குழாய்த் தண்ணீர் எல்லாம் வண்டிக்குள்ளேயே. நடுவழியில் பேய் மழை பிடித்துக்கொண்டதாம். காய்ந்து கிடந்த ஓடையில் வெள்ளம் வந்து இரண்டு நாள் நகர முடியவில்லையாம். "நம்ம ஊர்ல இதெல்லாம் ஏதுடா?" என்று கடைசியில் ஒரு வரி. மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, அந்த வரிக்கே பதில் எழுதலாமே என்று தோன்றியது.

நம்மிடம் இருந்தது. இதே செங்கல்பட்டுச் சீமையில், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. உமணர் என்ற உப்பு வணிகர்களின் வண்டித் தொடர்தான் அது. அதற்குத் தமிழில் 'ஒழுகை' என்று அழகான பெயரே உண்டு.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது பெரும்பாணாற்றுப்படை. பாடியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். உ.வே.சா. 1889-ல் பதிப்பித்த பத்துப்பாட்டில் உள்ளது. பரீட்சைக்கு நாம் படித்தபோது அரசன் பெருமையை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு வண்டிகளைத் தாண்டிப் போய்விட்டோம். நிறுத்திப் படித்துப் பாருங்கள். வண்டிக்குப் புல் கூரை. மழைக்காலத்துக் குன்று மேகத்தைச் சுமந்து நிற்பது போல இருக்கிறது என்கிறார் புலவர். வண்டியிலேயே கோழிக் கூடு. ஒரு சின்ன உரல் தொங்குகிறது. முகப்பில் காடி வைத்த பானையைக் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். மாட்டை ஓட்டுகிறவள் யார் தெரியுமா? கைக்குழந்தைக்காரி. ஆண்கள் வேப்பந்தழை மாலை போட்டுக்கொண்டு பக்கத்தில் காவலாக நடக்கிறார்கள். மாற்றிக் கட்டுவதற்கு உபரி மாடுகள் வேறு.

ஸ்டெப்னிகூட உண்டு! மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகுமோ என்று உமணர் வண்டிக்கு அடியில் ஒரு சேம அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்த அச்சுக்கு ஒப்பிட்டு ஔவையார் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படையில் ஒழுகையோடு வந்த குரங்கு ஒன்று கொற்கைப் பக்கத்தில் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. இதைவிட வீட்டு வண்டி வேறு என்ன வேண்டும்?

பாலைவனம் எங்கே என்று கேட்பீர்கள். அரிசோனா மாதிரி நமக்குக் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் கோடையில் காய்ந்து போனால் அதுவே பாலை என்று இளங்கோவடிகள் சொல்லிவிட்டார். கடற்கரையை விட்டு உள்நாடு போகும் உமணர் அந்த வழியைக் கடந்தாக வேண்டும். மாமல்லபுரத்திலிருந்து காஞ்சிக்குச் சுமார் 65 கிலோமீட்டர். பாரம் ஏற்றிய மாடு ஒரு நாளில் 20 கிலோமீட்டர் நடந்தால் பெரிய விஷயம். ஆக நாலு நாள். திரும்பும்போது உப்புக்கு மாற்றாக வாங்கிய நெல் வரும்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு ஐப்பசியில் நாங்கள் பழைய மாணவர்கள் சிலர் இரண்டு வேனில் திருவிடந்தை போயிருந்தோம். நித்தியகல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்தால் நல்ல மழை. கடற்கரைப் பக்கம் போன வேன் மணலில் புதைந்துவிடும் என்று பயந்தேன். உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் சிரித்தார். "ஈர மணல் தாங்குங்க. காஞ்ச மணல்தான் முழுங்கும். மேற்கே களிமண்ல எறங்கிப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றார். நற்றிணையில் அம்மூவனார் உப்பு வண்டிச் சக்கரம் மணலில் அரைபடும் ஓசையைச் சொல்கிறார். அது காய்ந்த மணலாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது.

உமணருக்கு மழை சக்கரப் பிரச்சினை மட்டுமில்லை. சரக்கே கரைந்துவிடும். குறுந்தொகையில் பரணர் பாட்டு ஒன்று: ஏற முடியாத கரையில் நின்றுவிட்ட உப்பு வண்டி பெருமழையில் அழிந்து போகிறது. தலைவன் மனம் கட்டுக்கடங்காமல் போவதற்கு அது உவமை. உவமை பிரமாதம்தான். அந்த வண்டியை ஓட்டி வந்த பெண் அப்புறம் என்ன செய்தாள் என்று பரணர் சொல்லவில்லை. வண்டியில் உப்பு, வீட்டில் நெல் இல்லை. ஊர் திரும்ப அந்த மாடுகளுக்குத் தீனி எது? நம் வரலாற்றுப் புத்தகங்களும் அதைக் கேட்டதில்லை என்பது என் குறை.

பிற்காலத்தில் உப்பு நீர்வழிக்கு மாறியது. 1806-ல் கொக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டத் தொடங்கிய கால்வாய் மெல்ல நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தின்போது 1877-78-ல் கூலிக்கு வந்த ஏழை ஜனங்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைத்தார்கள். கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். மண் சுமந்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. தெற்கே மரக்காணம் வரை உப்பும் விறகும் படகில் போயின. 1965-66, 1976 புயல்களுக்குப் பிறகு அந்தப் போக்குவரத்தும் படுத்துவிட்டது.

உமணர் எந்தத் தடத்தில் காஞ்சிக்குப் போனார்கள்? பெரும்பாணாற்றுப்படை சொல்லும் நீர்ப்பெயற்று என்ற துறைமுகம் மாமல்லபுரம்தான் என்பார் சிலர், இல்லை என்பார் சிலர். திருக்கழுக்குன்றம் வழியாகத்தான் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஆதாரம் கேட்டால் நிலத்தின் அமைப்பைத்தான் காட்ட முடியும். வரலாற்றுத் துறைத் தம்பி தங்கைகள் யாராவது அந்த வழியை நடந்து பார்க்கத் தயாரானால் நானும் வருகிறேன். தை பிறந்த பிறகு வைத்துக்கொள்வோம்.