வயித்துவலின்னு பொய் சொன்ன நாள்

நம் கூட்டமைப்பு மலரில் சேமிப்பு, கடன் பற்றி மற்ற சகோதரிகள் எழுதுகிறார்கள். குன்றத்தூர்ப் பக்கத்துத் தாய்மார்களின் தடுப்பூசிக் கதையை நான் எழுதுகிறேன். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது.

எங்க மாமியார் காலத்தில் மணல்வாரி கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவதோடு சரி. 1985-ல் நாடு முழுக்க வந்த தடுப்பூசித் திட்டத்தில்தான் தட்டம்மை ஊசியும் சேர்ந்தது. என் மூத்தவனுக்கு நர்ஸம்மா ஊருக்குள்ளேயே வந்து போட்டாங்க.

2008 ஏப்ரலில் பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட 4 குழந்தைகள் இறந்துபோனார்கள். அதன்பின் டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஊசி என்று அரசு மாற்றியது. பாதுகாப்புக்காகத்தான். ஆனால் கைக்குழந்தையோடு பஸ் ஏறிப் போய்வந்தால் அன்றைய கூலி போச்சு. ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போறவளுக்குப் புதன்கிழமை லீவு யார் தருவா? தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2005-06-ல் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 81 குழந்தைகள் முழுத் தடுப்பூசி போட்டிருந்தார்கள். 2015-16-ல் அது 70 ஆனது. தூரம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பயமும் இருந்தது.

2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி, பள்ளிக்கூடத்திலேயே. உடனே வாட்ஸ்அப்பில் வதந்தியும் வந்தது. எட்டாவது படித்த என் மகளை, வயித்துவலின்னு சொல்லி வீட்டில் நிறுத்திவிட்டேன். நான் குழுவின் பிரதிநிதி. என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் நிறுத்தினாங்க.

நர்ஸம்மா திட்டவில்லை. எங்கள் வாரக் கூட்டத்துக்கு வந்து பாயில் உட்கார்ந்தாங்க. "கர்ப்பத்துல ரூபெல்லா வந்தா வயித்துப் பிள்ளைக்குக் கண்ணு, காது, இதயம் பாதிக்கும். இப்ப உங்க பொண்ணுக்குப் போடறது பேரப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான்" என்றாங்க. யாரும் வாய் திறக்கலை. எங்களில் மூத்த அக்கா தலையைக் குனிந்தபடியே சொன்னாங்க: "என் ரெண்டாவதை மணல்வாரிதான் கொண்டுபோச்சு. மூணு வயசு."

பத்து வருஷமா ஒரே பாயில் உட்கார்ந்து சந்தா கட்டியிருக்கோம். அதுவரை எங்களுக்கு இது தெரியாது.

முகாமை மார்ச்சுக்கும் நீட்டித்தது நல்லதாப் போச்சு. ஐந்து பேரும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் போட்டோம். "என்னைப் பொய் சொல்ல வெச்சியேம்மா" என்று என் மகள் கேட்டாள். பதில் சொல்ல முடியலை.

இப்போது முகாம் அறிவித்தால் நாங்கள் முதலில் போவது ஒடிசா, பீகார்க் குடும்பங்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்கு. அவர்கள் பாஷை நமக்கு வராது. குழந்தையின் தோளைத் தொட்டுக் காட்டுவோம்; அந்தத் தாய்க்குப் புரிந்துவிடும்.