பூதப்பாண்டிக்கு வந்த நெல்

பூதப்பாண்டி வயலில் விளைந்த ஒரு நெல்மணியை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். காம்போடு ஒட்டியிருந்த இடம் பிய்த்தெடுத்தது மாதிரி சொரசொரவென்று இருக்கும். காட்டு நெல்லில் அதே இடம் வழுவழுப்பு. பழுத்ததும் தானாகவே உதிர்ந்துவிடும் நெல் அது. அறுத்து, அடித்துப் பிரிக்க வேண்டிய வயல் நெல்லுக்குத்தான் இந்தத் தழும்பு.

தொல்லியலாளர்கள் இந்தத் தழும்பைத்தான் தேடுகிறார்கள். சீனாவின் யாங்சி ஆற்றுப் பகுதியில், தியன்லுவோஷான் என்ற இடத்தில், ஈர மண்ணில் புதைந்திருந்த உமிகளைச் சோதித்தார்கள். சுமார் 6,900 ஆண்டுகளுக்கு முன் உதிராத நெல்லின் பங்கு 27 சதவீதம். அது 39 ஆக உயர 300 ஆண்டுகள் பிடித்தன. யாரோ ஒருவர் ஒரு நல்ல நாளில் விவசாயத்தைக் கண்டுபிடித்தார் என்று சொன்னால் நம்பாதீர்கள்.

பழமும் கிழங்கும் அழுகிவிடும். காய்ந்த நெல்லோ பத்தாயத்தில் கிடக்கும். அளக்கலாம், வரியாக வாங்கலாம், வயல் பக்கமே போகாதவருக்கும் சோறு போடலாம். நகரங்கள் எழுந்தது அந்தச் சோற்றில்தான். யாங்சிக் கழிமுகத்தில் கி.மு. 3300 முதல் 2300 வரை இருந்த லியாங்சுவில் மதிலும் அணைகளும் கட்டினார்கள், ஜேடு கல் செதுக்கினார்கள். அங்கே ஒரே இடத்தில் கருகிக் கிடந்த நெல் மட்டும் சுமார் 200 டன். மெசபடோமியாவில் இதே வேலையை வாற்கோதுமை செய்தது. உரூக் நகரத்தின் மிகப் பழைய களிமண் பலகைகளில் கதை, பாட்டு எதுவும் இல்லை. பெரும்பாலும் தானியக் கணக்கு, ஆட்டுக் கணக்கு. எழுத்துக்கு நாம் நன்றி சொல்ல வேண்டியது கணக்கப்பிள்ளைகளுக்குத்தான்!

இந்தியாவில் கங்கைச் சமவெளி மக்கள் தாங்களாகவே நெல்லைச் சேகரித்து வந்தார்கள். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் சீனத்து நெல் வந்து அதோடு கலந்தது. தெற்கே அப்போது சிறுதானியமும் கொள்ளும்தான் சாப்பாடு. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என ஆய்வு முடிவு வந்திருக்கிறது. செத்தவருக்கும் நெல் வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.

சிவகளையிலிருந்து தென்மேற்கே வந்து ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் நாஞ்சில்நாடு, பூதப்பாண்டி இருக்கும் பகுதி. இரண்டு பருவமழையும் எட்டும் மண். அதனால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம். பழையாற்றுத் தண்ணீர் போதாமல் 1906இல் பேச்சிப்பாறை அணையும் வந்தது. இங்கே பெரியவர்கள் வயலின் அளவை ஏக்கரில் சொல்ல மாட்டார்கள். 'ஒரு கோட்டை விதைப்பாடு' என்பார்கள். கோட்டை என்பது நெல் அளக்கும் அளவு. அவ்வளவு விதை பிடிக்கும் நிலம் என்று கணக்கு. பாபிலோனியரும் ஒரு காலத்தில் விதையை வைத்தே நிலத்தை அளந்தார்கள். இரண்டு ஊரும் பேசிவைத்துக்கொண்டதில்லை, தானியம் இருந்தால் இந்தக் கணக்குத் தானே வந்துவிடும் போல.

காட்டு நெல்லுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஈரம் பட்டதும் அவசரப்பட்டு முளைக்காது, மண்ணில் காத்துக் கிடக்கும். விதைத்தவுடன் முளைப்பதையே திரும்பத் திரும்ப எடுத்து விதைத்ததில், மனிதர் கையில் நெல் அந்தப் பொறுமையைப் பெருமளவு இழந்துவிட்டது. கன்னிப்பூ அறுப்பில் மழை பிடித்துக்கொண்டால், சாய்ந்த கதிரிலேயே நெல் முளைவிடுவது அதனால்தான். அறுவடை இயந்திரம் வயலில் இறங்க முடியாமல் ரோட்டில் நிற்கும். முளைத்த நெல்லை யார் வாங்குவார்கள்?