நான் விரும்பும் மிதிவண்டி

சென்ற திங்களில் என் பழைய மாணவர் ஒருவர் என்னைக் காண அம்மையார்குப்பத்திற்கு வந்திருந்தார். சென்னையிலிருந்து திருத்தணி வழியாக மிதிவண்டியிலேயே வந்தார். பொறியியல் பயின்ற அவர், விடுமுறை நாள்களில் 100 கிலோமீட்டர், 150 கிலோமீட்டர் என்று நெடுஞ்சாலையில் மிதிவண்டி ஓட்டுவதையே பொழுதுபோக்காகக் கொண்டவர். தறிகளின் ஓசை ஓயாத எங்கள் தெருத் திண்ணையில் அமர்ந்து மோர் அருந்திய பின் அவர் ஒரு வினா எழுப்பினார்.

"ஐயா, எங்கள் நண்பர் குழுவில் ஒரு விளையாட்டு உண்டு. விலையைப் பற்றிக் கவலையில்லை, எக்காலத்து உறுப்பும் கைக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய உறுப்புகளைக் கொண்டே ஒரு கனவு வண்டியை இணைக்க வேண்டுமானால், நீங்கள் எவற்றைத் தேர்ந்தெடுப்பீர்கள்?"

வரலாறு கற்பித்து முதியவனானவன் நான். விளையாட்டாகக் கேட்டதை வினையாகவே எடுத்துக்கொண்டேன். ஒரு தாளில் பட்டியல் எழுதத் தொடங்கினேன். அந்தப் பட்டியலின் கதையே இன்றைய பேச்சு.

முதலில் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். தொடக்க காலத்து மிதிவண்டிகளில் இரும்புப் பட்டையும், பின்னர்க் கெட்டி இரப்பரும் இருந்தன. கல்லும் மேடும் நிறைந்த பாதையில் எலும்பு நோகாமல் செல்ல வழியில்லை. காற்றடைத்த வளையம் என்னும் கருத்தை இராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் 1845-ஆம் ஆண்டிலேயே கண்டார். ஆயினும் அதை ஏற்கும் காலம் அன்று கனியவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப், தம் சிறுமகனின் மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடவேண்டும் என்று காற்றடைத்த டயரை அமைத்தார். ஒரு தந்தையின் பரிவு உலகத்தின் சாலைகளையெல்லாம் மென்மையாக்கிவிட்டது! எனவே என் வண்டிக்கு 28 அங்குலச் சக்கரமும் டன்லப் டயரும் வேண்டும் என்று எழுதினேன்.

பழைய ஆங்கில வண்டிகளின் ஆரக்கம்பிகளை எண்ணியிருக்கிறீர்களா? முன் சக்கரத்தில் 32, பின் சக்கரத்தில் 40. ஓட்டுபவரின் எடையும் பின்னால் ஏற்றும் சுமையும் பெரிதும் பின் சக்கரத்தின் மேலேயே விழுவதால் இந்த ஏற்பாடு. எங்கள் வட்டாரத்து நெசவாளர் நூல் மூட்டையையும் நெய்து முடித்த சேலைக் கட்டையும் கேரியரில் ஏற்றிச் சென்றபோது, அந்தக் கூடுதல் 8 கம்பிகளே அவர்கள் பிழைப்பைத் தாங்கின.

அடுத்தது சங்கிலி. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்டு என்பவர், 1880-இல் உருளைச் சங்கிலியைச் செம்மையாக அமைத்தார். அது வருமுன் பெரிய முன் சக்கரத்திலேயே மிதிகட்டை பூட்டிய உயர வண்டிகளே பெருவழக்காக இருந்தன. அவற்றிலிருந்து விழுந்தால் தலைக்கே ஆபத்து. நல்ல சங்கிலி கிடைத்ததும் விசையைப் பின் சக்கரத்திற்குக் கொண்டு செல்ல முடிந்தது. இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஓரளவாயின. 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி காவன்ட்ரி நகரில் வெளியிட்ட 'ரோவர்' வண்டிதான் இன்று நாம் ஏறும் மிதிவண்டியின் மூதாதை. சங்கிலிக்கு நான் வெளிநாடு செல்லவில்லை. 1960-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டி.ஐ. டைமண்டு நிறுவனத்துச் சங்கிலியே போதும் என்று எழுதினேன்.

இருக்கையைப் பொறுத்தவரை ஐயமே இல்லை. பர்மிங்காம் நகரத்து புரூக்ஸ் நிறுவனத்தின் தோல் இருக்கைதான். அதனை நிறுவிய ஜான் போல்ட்பீ புரூக்ஸ், தம் குதிரை இறந்தபின் இரவல் மிதிவண்டியில் ஏறியதாகவும், அதன் இருக்கையின் கடுமை தாங்காமல் நல்ல இருக்கை செய்ய முனைந்ததாகவும் கூறுவர். தோல் இருக்கையின் சிறப்பு, பழகப் பழக ஓட்டுபவரின் உடலுக்கேற்ப அது வடிவம் பெறுவதாகும். என் தந்தையாரின் வண்டியில் இருந்த தோல் இருக்கையில் நான் முதன்முதல் ஏறியபோது, அது அவருடைய அமைப்பிலேயே பள்ளம் விழுந்திருந்தது. அது என் இருக்கையாக மாற இரண்டு ஆண்டுகள் ஆயின.

வேகமாற்றிக்கு வந்தபோது மாணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காம்பன்யோலோதானே ஐயா?" என்றார். துல்லியோ காம்பன்யோலோ இத்தாலி நாட்டுப் பந்தய வீரர். அக்காலத்துப் பந்தய வண்டிகளில் பின் சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுள்ள பற்சக்கரங்கள் இருக்கும். மலை ஏறுமிடத்தில் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டவேண்டும். 1927-இல் பனி படர்ந்த கணவாய் ஒன்றில் அவருடைய விரல்கள் விறைத்து, மரையைக் கழற்ற முடியாமல் பந்தயத்தை இழந்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. அந்த ஏமாற்றத்திலிருந்து, ஒரு நெம்புகோலைத் திருப்பியவுடன் சக்கரம் கழலும் அச்சு பிறந்தது. 1933-இல் விசென்சா நகரில் அவர் தொழிற்கூடம் நிறுவினார். பற்சக்கரம் விட்டுப் பற்சக்கரம் சங்கிலியைத் தாவச் செய்யும் அவருடைய கருவிகள் பின்னாளில் உலகப் புகழ் பெற்றன. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் அத்தகைய கருவிகளுக்கு 1937-இல்தான் இசைவு கிடைத்தது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். புதுமையை விரும்பாதவர் எத்துறையிலும் உண்டு.

ஆயினும் எங்கள் ஊர்ப் புழுதியில் திறந்த பற்சக்கரம் எத்தனை நாள் தாங்கும்? எனவே 1902-ஆம் ஆண்டு தோன்றிய ஸ்டர்மி ஆர்ச்சர் மூவேகக் குடத்தைப் பின் சக்கரத்துக்குத் தேர்ந்தேன். அதன் பற்களெல்லாம் சக்கரக் குடத்துக்குள்ளேயே மூடிக் கிடக்கும். மாணவரின் மனம் கோணாதபடி, முன் சக்கரத்துக்குக் காம்பன்யோலோவின் அச்சை ஏற்றேன். தடைக்குக் கம்பி பிரேக். எந்தக் குறுக்குச் சாலையிலுள்ள சைக்கிள் கடைக்காரரும் ஒரு குறட்டைக் கொண்டே அதைச் செப்பனிட்டுவிடுவார். விளக்கு, டயர் சுழற்சியில் எரியும் டைனமோ விளக்கு.

இனி எஞ்சியது ஒன்று. அதுதான் வண்டியின் உடல், அதாவது சட்டம். மாணவர், "ரெனால்ட்ஸ் 531" என்றார். 1935-இல் பர்மிங்காமில் வெளிவந்த எஃகுக் குழாய் அது. முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருப்பதால் வலிமை குன்றாமல் எடை குறையும். அவர் கூறியது தக்கதே. ஆனால் நான் வேறொன்று எழுதினேன். 'குறுக்குக் கம்பி இல்லாத பெண்கள் சட்டம்' என்று எழுதினேன். மாணவர் காரணம் புரியாமல் விழித்தார்.

அதன் காரணத்தைக் கூற நான் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

நான் பிறந்தது அம்மையார்குப்பத்தை அடுத்த ஒரு சிற்றூர். என் தந்தையார் நெசவாளர். 1958-இல் அவர் ஒரு ஹெர்குலிஸ் மிதிவண்டி வாங்கினார். முன்னாளில் ஹெர்குலிஸ் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த பொருள். 1949-இல் முருகப்பா குழுமத்தாரும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தாரும் கூடித் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1951 முதல் அதனை அம்பத்தூரிலேயே செய்யலாயிற்று. தந்தையார் வாங்கியது அம்பத்தூர் வண்டி. அப்போது திருத்தணி வட்டாரம் ஆந்திர மாநிலத்தில் இருந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. மாநிலம் மாறியது; நூல் மூட்டையோடு அந்த வண்டி சென்ற வழி மாறவில்லை.

எங்கள் ஊரில் எட்டாம் வகுப்பு வரைதான் பள்ளி. உயர்நிலைப் பள்ளி 5 மைல் தொலைவில் இருந்தது. 1971-இல் என் அக்காள் எட்டாம் வகுப்பில் முதல் மாணவியாகத் தேறினார். மேலே படிக்க வேண்டும் என்று அழுதார். வீட்டில் வண்டி இருந்தது. ஆனால் அது ஆண்கள் வண்டி. குறுக்குக் கம்பி உடையது. பாவாடை தாவணி அணிந்த பெண் அதில் எப்படி ஏறுவாள்? பெண்கள் வண்டி வாங்கப் பணம் ஏது? இவ்வாறு பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அக்காள் தார் சுற்ற இராட்டையின் முன் அமர்ந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து நான் எட்டாம் வகுப்பில் தேறினேன். அவ்வளவு உயர்ந்த மதிப்பெண் பெறவில்லை. அதே வண்டியை என்னிடம் கொடுத்தார்கள். நான் உயர்நிலைப் பள்ளி சென்றேன், கல்லூரி சென்றேன், ஆசிரியப் பயிற்சி பெற்றேன், தலைமையாசிரியனும் ஆனேன். ஓர் இரும்புக் கம்பி என் அக்காளின் கல்வியைத் தடுத்துவிட்டது என்றே ஐம்பது ஆண்டுகளாக எண்ணி வந்தேன். அதனால்தான் என் கனவு வண்டியில் அந்தக் கம்பி இருக்கலாகாது என்று எழுதினேன்.

அன்று மாலை அக்காள் வீட்டிற்குச் சென்று பட்டியலைப் படித்துக் காட்டினேன். அவர் மகிழ்வார் என்று நினைத்தேன். அவரோ சிரித்தார். "தம்பி, உனக்கு ஏரிக்கரையில் சைக்கிள் கற்றுக்கொடுத்தது யார்? மறந்துவிட்டாயா?" என்றார்.

மறந்துதான் விட்டேன். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, கம்பிக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு, அந்த ஏரிக்கரை முழுவதும் வண்டியை ஓட்டிக் காட்டியவர் அவர். பிறகு கேரியரைப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடிவந்தவரும் அவரே. "கம்பி என்ன செய்யும்? ஓட்டத் தெரியுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. உனக்குத் தெரியும், நீயும் சொல்லவில்லை" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் பேசவில்லை. ஆயினும் எனக்கு மறுமொழி அகப்படவில்லை.

மாணவ மாணவியரே! ஒரு பொருளின் மீது பழியைச் சுமத்திவிட்டால் மனிதர் தப்பிக்கொள்ளலாம். வரலாறு கற்பித்த நானும் அந்தப் பிழையைச் செய்தேன். உண்மை வரலாறு வேறு விதமாக இருக்கிறது. சட்டத்தின் அமைப்பையே பாருங்கள். முக்கோணம் எளிதில் உருமாறாது. ஆகவே குறுக்குக் கம்பியுள்ள சட்டம் எடை குறைந்தும் உறுதியாயும் அமைகிறது. நீண்ட உடைக்காகக் கம்பியை எடுத்துவிட்டால், உறுதிக்காக எடையைக் கூட்ட வேண்டியிருக்கும். 1894-இல் ஆனி லண்டன்டெரி என்னும் பெயரோடு அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து உலகப் பயணம் புறப்பட்ட பெண்மணி, 42 இராத்தல் எடையுள்ள பெண்கள் வண்டியில் சிகாகோ வரை சென்று களைத்தார். அங்கே அதை விடுத்து, ஏறக்குறைய அதில் பாதி எடையுள்ள ஆண்கள் வண்டியையும், அதற்கேற்ற உடையையும் ஏற்றுக்கொண்டே பயணத்தைத் தொடர்ந்தார்.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் புதுக்கோட்டை மாவட்டத்தையே காண்க. 1991 முதல், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்த காலத்தில், அங்கு நடந்த அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் பெண்களுக்கு அளித்தது. கல் உடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் பல்லாயிரவராய்ச் சாலைக்கு வந்தனர். பெண்கள் வண்டிகள் போதுமான அளவில் கிடைக்கவில்லை. அவர்கள் அஞ்சினார்களா? ஆண்கள் வண்டியிலேயே ஏறினார்கள். அதையே விரும்பிக் கேட்டவர்களும் உண்டு. ஏன் தெரியுமா? குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம்! எங்கள் வீட்டார் தடை என்று கண்ட கம்பியை அவர்கள் ஓர் இருக்கையாகக் கண்டார்கள்.

2001-க்குப் பின் தமிழக அரசு பள்ளி மாணவியர்க்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, பின்னர் மாணவர்க்கும் அதை விரிவாக்கியது. பள்ளி முற்றத்தில் வரிசையாக நின்ற புதிய வண்டிகளின் சாவிகளை மாணவியர் கையில் கொடுத்தபோதெல்லாம் என் உள்ளத்தில் அக்காளின் முகமே தோன்றும். வண்டியோடு, 'நீ போகலாம்' என்னும் சொல்லும் அன்று அவர்களுக்குக் கிடைத்தது. எங்கள் வீட்டில் 1971-இல் வண்டி இருந்தது. அந்தச் சொல்தான் இல்லை.

ஆதலால் பட்டியலின் கடைசி வரியை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். சட்டம்: அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ், குறுக்குக் கம்பி உள்ளது. அதைத் தேடி எங்கும் செல்ல வேண்டியதில்லை. தந்தையாரின் வண்டி பரணுக்குக் கீழே துருவேறி நிற்கிறது. அதைத் துடைத்துச் சீர்செய்து தருவதாக மாணவர் ஏற்றுக்கொண்டிருக்கிறார். மற்ற உறுப்புகள் கிடைத்தால் நன்று, கிடைக்காவிட்டாலும் குறையில்லை.

இச்செய்தியைச் சொன்னபோது அக்காள் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "ஏரிக்கரைப் பாதை இப்போது எப்படி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.