கழிவுநீர் கலந்த ஆற்றுநீரில் பாசனமா? மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் குறித்து எச்சரிக்கை தேவை

நகரங்களைத் தாண்டி வரும் ஆற்றுநீரையும் சாக்கடை கலந்த வாய்க்கால் நீரையும் நம்பிப் பயிர் செய்யும் விவசாயிகள் ஏராளம். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் அதில் ஆன்டிபயாடிக் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் இருக்கலாம். இவை காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாகவோ, பச்சையாகத் தின்னும் காய்கறி வழியாகவோ உடலுக்குள் போனால், வழக்கமான மருந்தில் நோய் குணமாகாது.

எப்படி உருவாகின்றன?

மனிதரும் கால்நடைகளும் எடுத்துக்கொள்ளும் பல ஆன்டிபயாடிக் மருந்துகளில் கணிசமான பகுதி, சிறுநீர், மலம், சாணம் வழியே அப்படியே வெளியேறுகிறது. மருத்துவமனை, மருந்து ஆலைக் கழிவுகளும் சேருகின்றன. கழிவுநீரில் பலவீனமான கிருமிகள் சாக, மருந்தைத் தாங்கியவை பெருகுகின்றன. அந்தத் திறனுக்கான மரபணுவை மற்ற வகை பாக்டீரியாக்களுக்கும் கொடுத்துவிடுகின்றன.

ஐதராபாத் அருகே பட்டான்சேருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்தது 2007இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. இது சிகிச்சை பெறும் நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் அளவைவிட அதிகம். டெல்லியில் தெருவோரம் தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51இல், வீரியமிக்க மருந்துகளையும் முறியடிக்கும் என்டிஎம்-1 மரபணு இருந்ததாக 2011இல் வெளியான ஆய்வு கூறியது.

பாசனத்தில் கவனிக்க வேண்டியவை

• வழக்கமான பாசனநீர்ப் பரிசோதனை உப்பு, கார அமில நிலையை மட்டுமே காட்டும். மலக் கோலிஃபார்ம் பரிசோதனையைத் தனியாகக் கேட்டுச் செய்ய வேண்டும். பச்சையாக உண்ணும் பயிர்களுக்கு 100 மில்லி நீரில் 1,000க்கு மிகக் கூடாது என உலக சுகாதார நிறுவனம் 1989இல் வரையறுத்தது.
• சந்தேகமான நீரைக் கீரை, கொத்தமல்லி, வெள்ளரி, முள்ளங்கிக்குப் பாய்ச்ச வேண்டாம். தீவனப் பயிர், மரப்பயிர், சமைத்து உண்ணும் பயிர்களுக்குத் திருப்பிவிடலாம்.
• தெளிப்பு நீரைத் தவிர்த்து, இலையில் படாத சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கலாம்.
• அறுவடைக்கு முந்தைய சில நாட்கள் அந்த நீரை நிறுத்திவிட்டு, கிணற்று நீர் பாய்ச்சலாம். வெயிலில் இலைமேல் உள்ள கிருமிகள் நாளுக்கு நாள் குறையும்.
• அறுவடை செய்ததை வாய்க்கால் நீரில் அலசக் கூடாது.
• காலில் பூட்ஸ், கையில் உறை அணிய வேண்டும். வேலை முடிந்ததும் சோப்பால் கழுவ வேண்டும்.

தொழுவத்தில் கவனிக்க வேண்டியவை

• கால்நடை மருத்துவர் எழுதித் தராமல் ஆன்டிபயாடிக் போடக் கூடாது. மடிநோய் குறைந்ததுபோல் தெரிந்தாலும் அவர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.
• மருந்து லேபிளில் விலக்குக் காலம் குறிப்பிடாவிட்டால், பால், முட்டைக்குக் குறைந்தது 7 நாள், இறைச்சிக்கு 28 நாள் காத்திருக்க வேண்டும். அந்தப் பாலைக் கன்றுக்கும் ஊட்ட வேண்டாம். வாய்க்காலில் கொட்டவும் வேண்டாம்.
• கோழி, மாடு, மீன் வளர்ப்பில் கோலிஸ்டின் மருந்துக்கு மத்திய அரசு 2019இல் தடை விதித்துள்ளது. தீவனக் கலவையில் அது இருக்கிறதா எனப் பார்த்து வாங்கவும்.
• பச்சைச் சாணம், கோழி எருவை நேரடியாக வயலில் இட வேண்டாம். குவியலின் உட்பகுதி 55 டிகிரிக்கு மேல் 15 நாள் சூடாக இருக்கும்படி வைத்து, அதற்குள் 5 முறை கிளறிவிட்டால் கிருமிகள் பெருமளவு அழியும்.

மருந்துக்கு அடங்காத கிருமியும் சூட்டுக்கு அடங்கும். குடிநீரைக் கொதிக்க வைத்தும், காய்கறியை நன்கு வேகவைத்தும் உண்டால் பயமில்லை. காயமோ சிறுநீர்த் தொற்றோ மருந்து எடுத்தும் ஆறாவிட்டால், வேறு மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட வேண்டாம். கழிவுநீர்ப் பாசன வயலில் வேலை செய்வதை மருத்துவரிடம் சொல்லி, எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அறியும் கல்ச்சர் பரிசோதனை தேவையா எனக் கேளுங்கள்.