ஐந்தடிக் குழாயின் தடம்

1945இல் அமெரிக்கப் போர்த்துறையின் வரலாற்றுப் பிரிவு வெளியிட்ட 'ஒமாகா பீச்ஹெட்' என்ற நூலில் ஒரு பத்தி உண்டு. 1944 ஜூன் 6 காலை, நார்மண்டிக் கரை. 116ஆவது காலாட்படை ரெஜிமென்ட்டின் சி கம்பெனி, கடலோரச் சுவருக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கிறது. சுவருக்கு அப்பால் சாலை, சாலைக்கு அப்பால் முள்கம்பிச் சுருள். இங்கிராம் லாம்பர்ட் என்ற சிப்பாய் சுவரைத் தாண்டி ஓடிப்போய் கம்பிக்கு அடியில் ஒரு வெடிகுழாயைச் செருகுகிறார். பற்றவைக்கும் விசையை இழுக்கிறார். அது வேலை செய்யவில்லை. இயந்திரத் துப்பாக்கியின் குண்டு பட்டு அங்கேயே இறந்துபோகிறார். பிளாட்டூன் தலைவர் ஸ்டான்லி ஷ்வார்ட்ஸ் எழுந்து அதே சாலையைக் கடந்து விசையைச் சரிசெய்கிறார். குழாய் வெடித்துக் கம்பியில் வழி பிறக்கிறது.

அந்தக் குழாயின் பெயர் பெங்களூர் டார்பிடோ. அதைப் படித்தபோது நான் பெங்களூரின் அல்சூர் ஏரிக்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். பிரான்சுக் கடற்கரையில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவர் கையில் கடைசியாக இருந்த பொருளுக்கு என் ஊர்ப் பெயர் எப்படி வந்தது? இந்தக் கேள்வி என்னைப் பல மாதங்கள் தூங்கவிடவில்லை.

முதலில் என்னை இடறியது 'டார்பிடோ' என்ற சொல். நமக்கு அது நீர்மூழ்கிக் கப்பல் ஏவும் குண்டு. தரையில் செருகும் குழாய்க்கு அந்தப் பெயர் ஏன்? விடை அமெரிக்க உள்நாட்டுப் போரில் கிடைத்தது. அந்நாளில் மறைத்து வைத்து வெடிக்கும் எதற்கும் டார்பிடோ என்றே பெயர். 1864 ஆகஸ்டில் மொபைல் விரிகுடாவில் டிகம்சே என்ற கப்பலை மூழ்கடித்தது நீரில் கட்டிவைத்த கண்ணிவெடிதான். அதைக் கண்ட பிறகும் வடக்குக் கடற்படைத் தளபதி ஃபாரகட் தம் கப்பல்களை முன்னே செலுத்தினார். தரையில் புதைத்தவையும் டார்பிடோக்களே. தெற்கத்திப் படையின் கேப்ரியல் ரெயின்ஸ் 1862இலேயே அவற்றைப் பாதைகளில் புதைத்தார். 1864 டிசம்பரில் சவானாவை நெருங்கிய வடக்குப் படைத் தளபதி ஷெர்மன், தம் அதிகாரி ஒருவரின் கால் சிதைந்ததைப் பார்த்ததும் போர்க்கைதிகளின் கையில் மண்வெட்டியைக் கொடுத்துத் தோண்டச் சொன்னார். தம் நினைவுக் குறிப்புகளில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில்தான் என் தேடல் திசை மாறியது. போர்த்தந்திரம் வளர்ந்த கதை என்று புத்தகங்கள் சொல்வதை நான் வேறொரு கேள்வியோடு படிக்கத் தொடங்கினேன். வெடிக்கு மிக அருகில் போகிறவர் யார்? 1864இல் அது கைதி. 1944இல் அது லாம்பர்ட், அவருக்குப் பின்னால் அவருடைய அதிகாரி. இந்த எண்பது ஆண்டு இடைவெளியில் எங்கோ அல்சூர் இருந்தது.

முள்கம்பியும் அமெரிக்காவில் பிறந்ததே. இல்லினாய் மாநிலத்தின் ஜோசப் கிளிடன் 1874இல் காப்புரிமை பெற்றது மாட்டுக்கு வேலி போட. கால் நூற்றாண்டில் அது மனிதருக்குப் போட்ட வேலியாகிவிட்டது. போயர் போரிலும் 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரிலும் கம்பிக்குப் பின்னால் பதுங்கியவன் பிழைத்தான், அதை வெட்டப் போனவன் செத்தான். அதற்கொரு மாற்று தேவைப்பட்டது.

அந்த மாற்றைத் தந்தவர் கேப்டன் மெக்ளின்டாக், ஆண்டு 1912, இடம் பெங்களூர். இதுவரை குழப்பமில்லை. ஆனால் அவர் எந்தப் படையைச் சேர்ந்தவர் என்று பார்த்தால், 'வங்காள, பம்பாய், மதராஸ் சாப்பர்ஸ்' என்று ராணுவப் பொறியாளர் படைகள் மூன்றையும் ஒரே மூச்சில் எழுதிப்போகிறார்கள். ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குப் படியெடுக்கப்பட்டு வந்த தொடர் இது. வரைபடத்தை விரித்தாலே முடிச்சு அவிழும். வங்காள சாப்பர்ஸின் தலைமையிடம் ரூர்க்கி. பம்பாய் சாப்பர்ஸுக்கு கிர்க்கி. பெங்களூரில் இருந்தது மதராஸ் சாப்பர்ஸ் ஒன்றுதான். அதன் வாரிசான எம்.இ.ஜி. (மதராஸ் என்ஜினியர் குரூப்) சென்டர் இன்றும் அல்சூர் ஏரியை ஒட்டியே இருக்கிறது. அதன் சிப்பாய்க்கு இன்றும் 'தம்பி' என்றே பெயர். நம் தமிழ்ச் சொல் ஒரு படையின் அடையாளமாகி நிற்கிறது.

மதராஸ் சாப்பர்ஸின் வரலாறு என்றதும் எல்லோரும் விபார்ட் எழுதிய இரண்டு தொகுதிகளைத்தான் கைகாட்டுவார்கள். நானும் ஆசையோடு புரட்டினேன். 1780இல் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கிய காலம் முதல் எல்லாம் இருக்கிறது. ஆனால் அவை 1881-83இல் அச்சானவை, எனக்கு வேண்டிய ஆண்டுக்கு முப்பது ஆண்டு முந்தியவை. அதிலும் ஒரு பலன் கிடைத்தது. மியானி அவென்யூ, அசாயே ரோடு என்று தினமும் நடக்கும் தெருக்களின் பெயர்ப்பலகைகள் என்னிடம் பேசத் தொடங்கின. 1803 அசாயே, 1843 சிந்து மாகாணத்து மியானி. தம்பிகள் போய் வந்த போர்க்களங்கள் வழியாகத்தான் நான் காய்கறி வாங்கப் போய்வந்திருக்கிறேன்.

குழாயின் நுட்பம் எளிது, அதனாலேயே அது நூறாண்டு தாண்டி வாழ்கிறது. ஐந்தடி நீளக் குழாய்கள், உள்ளே வெடிமருந்து. ஒன்றோடொன்று மாட்டி எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு நீட்டலாம். கம்பியில் சிக்காதபடி முனையில் வழவழப்பான மூக்கு. பள்ளத்தில் படுத்தபடியே தள்ளிவிடலாம். ஒரே இடத்தில் குவிந்த மருந்து வெடித்தால் ஒரு குழிதான் விழும். நீளவாக்கில் பரவிய மருந்து வெடித்தால் ஒரு பாதையே திறக்கும். முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகள் மண்ணுக்குள் புதைந்து வெடித்து, கம்பியை அறுக்காமல் மேலே தூக்கி மறுபடி சிக்கலாகக் கீழே போட்டன. அந்த நாட்களில் கம்பியில் வழி திறக்க இந்தக் குழாய் கைகொடுத்தது. மெக்ளின்டாக் செய்தது தூரத்தைக் கண்டுபிடித்ததுதான் என்று நான் நினைக்கிறேன். வெடிக்கும் அதை வெடிக்கவைப்பவனுக்கும் நடுவே சில கஜம் வைத்தார்.

நார்மண்டியின் ஒமாகா கரையில் அந்தச் சில கஜம்தான் எல்லாமாக இருந்தது. அன்றைய திட்டம் பெரிய பொருட்களை நம்பிய திட்டம். குண்டுவீச்சு விமானங்கள் மேகத்தில் தம் படையையே தாக்கிவிடக்கூடாது என்று தாமதித்து வீசியதால், குண்டுகள் கரையைத் தாண்டி உள்நாட்டு வயல்களில் விழுந்தன. 741ஆவது டேங்க் பட்டாலியன் கடலில் இறக்கிய 29 நீந்தும் டேங்குகளில் 27 மூழ்கின. மிஞ்சியது நனைந்த மனிதர்களும் கையில் தூக்கிவரக்கூடிய சாமான்களும். 29ஆவது டிவிஷனின் துணைத் தளபதி நார்மன் கோட்டா, 51 வயது பிரிகேடியர் ஜெனரல், அந்தச் சுவரோரத்தில் சிப்பாய்களோடு நின்றார். பெங்களூர் வெடித்தது, கம்பி திறந்தது. முதலில் நுழைந்தவர் சுடப்பட்டு விழுந்தார். பின்னால் இருந்தவர்கள் உறைந்துபோனார்கள். கோட்டா அந்தத் திறப்பு வழியாகத் தாமே ஓடினார், அவர் பின்னால் படை ஓடியது. ஷெர்மனின் காலத்தில் ஆபத்தைக் கைதியின் தலையில் ஏற்றிய அதே ராணுவம் இது. ஒரு ஜெனரலின் இடம் கம்பிக்கு அந்தப்பக்கம் என்று அது கற்றுக்கொள்ள எத்தனை போர் தேவைப்பட்டது!

பிறகு வியட்நாமில் காட்சி திரும்பியது. இப்போது கம்பிக்குப் பின்னால் இருந்தவர்கள் அமெரிக்கர்கள். இரவில் தவழ்ந்து வந்த வியட்நாமிய சாப்பர்கள் மூங்கிலில் வெடிமருந்து அடைத்து அதே வேலையைச் செய்தார்கள்.

எனக்குள் உறுத்தல் ஒன்று மிஞ்சியது. லாம்பர்ட்டின் பெயர் எனக்குத் தெரியும். அது தற்செயல் அல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படை வரலாற்றாசிரியர்களைச் சீருடையோடு களத்துக்கு அனுப்பியது. எஸ்.எல்.ஏ. மார்ஷல் சிப்பாய்களைக் குழுவாக உட்காரவைத்துப் பேசவைத்தார். ஃபாரஸ்ட் போக், நார்மண்டிக்கு அப்பால் நின்ற கப்பலில் காயம்பட்டவர்களின் படுக்கையருகே குறிப்பெடுத்தார். தளபதியின் அறிக்கையோடு சிப்பாயின் வாய்மொழியும் ஆவணமாகும் என்று அந்த ராணுவம் முடிவுசெய்திருந்தது. அதனால்தான் சுவர் தாண்டிய ஒரு சாதாரணச் சிப்பாய் இன்றும் பெயரோடு இருக்கிறார். 1912இல் அல்சூர்ப் பக்கத்தில் முதல் குழாயைத் தூக்கிப் பிடித்தவர்களும், முள்கம்பி நட்டவர்களும், மண்ணில் படுத்துத் தள்ளிப் பார்த்தவர்களும் தம்பிகள்தாமே? நான் படித்த நூல்கள் எல்லாம் அதிகாரியின் பெயரைச் சொல்கின்றன, ஊரின் பெயரைச் சொல்கின்றன, அதோடு நிறுத்திக்கொள்கின்றன. இது எனக்கு வலிக்கிறது.

அழியாமல் நிற்கும் ஒரு தம்பியின் பெயர் எனக்குத் தெரியும். லாம்பர்ட் இறப்பதற்கு மூன்றரை மாதம் முன், 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மின்யானோ அருகே. மதராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடி அகற்றும் குழுவை நடத்திக்கொண்டிருந்தார். ஒரு வெடி வெடிக்கப்போகிறது என்று தெரிந்த கணத்தில், கூட இருந்தவர்களைக் காக்க அதன் மேல் விழுந்து உயிர்விட்டார். ஜார்ஜ் கிராஸ் விருது அவர் இறந்த பின் வந்தது. தூரம் என்ற கண்டுபிடிப்பு பிறந்த படையிலிருந்து வந்தவர், கடைசியில் தூரமே இல்லாமல் செய்துவிட்டார்.

போன மாதம் ஏரிக்கரைப் பூங்காவில், திருவள்ளுவர் சிலைக்கு எதிர்ப்பெஞ்சில், ஓய்வுபெற்ற எம்.இ.ஜி. ஹவில்தார் ஒருவரைச் சந்தித்தேன். பெங்களூர் டார்பிடோ பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"அதை நாங்க பெங்களூர்னுதாம்பா சொல்லுவோம். ட்ரெயினிங்ல எத்தனை தடவை தள்ளியிருக்கேன் தெரியுமா? முன்னால ஒருத்தன், பின்னால நாலு பேரு. முன்னால இருக்கிறவன் கை நடுங்கினா பின்னால இருக்கிறவனுக்குக் குழாயிலயே தெரிஞ்சுடும்."

"உங்க கூடத் தள்ளினவங்க யார் யார், ஐயா?"

அவர் என் நோட்டை வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தமிழில் நான்கு பெயர்களை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஊரை எழுதினார். நான்காவது பெயருக்கு ஊர் நினைவு வரவில்லை. "வேலூர்ப் பக்கம்... வீட்டுக்குப் போய் கேட்டுட்டு வரேன், இந்த இடத்தைக் காலியா வெச்சிருங்க" என்றார்.